கிணறுகளை எண்ணினோம்

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பின்னர், வாகனப் பற்றரிகளே எம் வீடுகளின் விளக்குக்கும் வானொலிக்கும் உயிர் கொடுத்தன. பழுதானவற்றை எவரும் எறியவில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒருவர் அவற்றை உடைத்து, உள்ளிருந்த ஈயத் தகடுகளை உருக்கி, மீன்வலைக்குக் கட்டும் குண்டுகளை வார்த்து வந்தார். வெள்ளிபோல் மின்னும் அந்த உருகலைப் பார்க்க அயல் சிறுவர் கூடுவர். இளம் பத்திரிகையாளனாக இருந்த நான், பொருளாதாரத் தடையை வென்ற கைத்திறன் என்று அதைப் புகழ்ந்து எழுதினேன். புகைக்கு நடுவே நின்ற சிறுவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. பற்றரியின் காரீயம் வேறு. உட்கொண்ட காரீயத்தை, வளர்ந்தவர் உடலைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பு அதைச் சேமிக்கிறது. மூளையின் வளர்ச்சியை அது கெடுக்கிறது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே குழந்தை என்ன உண்கிறது என்பதைப் போலவே, எந்த ஒழுங்கையில் தவழ்கிறது என்பதும் முக்கியமாகிறது: பற்றரி உருக்கும் கொட்டிலின் அயலா, வாகனம் நெரியும் தெருவோரமா, சாயம் உதிரும் பழைய வீடா? இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. சாயங்களில் ஈயத்துக்கு 2013 முதல் எல்லை விதிக்கப்பட்டது. ஆனால் மண்ணில் முன்னரே விழுந்தது எளிதில் அகலாது.

யாழ்ப்பாணத்தில் அயல் என்பது மண்ணுக்குக் கீழும் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கிணறுகளில் சேர்கிறது. ஒருவர் வளவில் ஊற்றியது அடுத்தவர் வாளியில் வரும். சுன்னாகம் இதை நிரூபித்தது. அங்குள்ள அனல் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013–2014 இல் ஆராய்ந்த 150 கிணறுகளில் 109 இல் எண்ணெய் மிகுந்திருந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்காக நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கின் பொருள் எண்ணெய், காரீயம் அன்று. ஆயினும் நாம் அன்று எண்ணியது கிணறுகளை. குழந்தைகளை எண்ணினால் என்ன தெரியவரும் என்பதை அதே காலத்தில் அமெரிக்காவின் பிளின்ட் நகரம் காட்டியது. 2014 இல் அந்நகரம் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாமையால் பழைய குழாய்களின் காரீயம் குடிநீரில் கலந்தது. நீரில் குறையில்லை என்றே அதிகாரிகள் சொல்லிவந்தனர். 2015 இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா, முன்னரே எடுக்கப்பட்டிருந்த இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழந்தைகளின் முகவரிகளோடு பொருத்திப் பார்த்தார். இரத்தத்தில் காரீயம் மிகுந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் நகர் முழுவதும் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகவும், நீர் மிக மோசமாக இருந்த பகுதிகளில் 4.0 இலிருந்து 10.6 ஆகவும் உயர்ந்திருந்தது. அதன்பின் மறுப்பு நிற்கவில்லை.

சுன்னாகம் பற்றி நான் எழுதிய செய்திகளை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். கிணறுகளின் கணக்கு, தண்ணீர் பவுசர்கள், அறிக்கைகள், மறுப்பறிக்கைகள். குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தீர்களா என்று எந்த வைத்தியரிடமும் நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து பழைய வீட்டைப் புதுப்பிக்கும் உறவுகளுக்கு ஒன்று சொல்வேன்: சாயத்தை உலர்வாகச் சுரண்ட விடாதீர்கள், அந்நாட்களில் பிள்ளைகளை அங்கே வைத்திருக்காதீர்கள்.

பற்றரி உடைத்த வளவில் இன்று புதிய வீடு. சென்ற மாதம் போய், அங்கே முன்பு என்ன உருக்கப்பட்டது என்று அந்த வீட்டுத் தாயிடம் சொன்னேன். முற்றத்தில் மண் அளைந்துகொண்டிருந்த பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டார்.