பாறு கழுகுகள்: இந்தியாவில் அழிவும் மீட்பும்

பாறு என்பது செத்த விலங்குகளைத் தின்று வாழும் பெரும் பறவை. பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வார்கள். இந்தியாவில் காணப்படும் ஒன்பது பாறு இனங்களில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, மெல்லலகுப் பாறு ஆகிய மூன்றும் 1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அழிந்தே போயின. யாரும் அவற்றை வேட்டையாடவில்லை. நோயுற்ற மாட்டுக்குப் போட்ட ஊசிதான் அவற்றைக் கொன்றது.

1980கள் வரை இந்தியாவில் பாறு அரிய பறவை அல்ல. வெண்முதுகுப் பாறுதான் உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கலாம் என்று அப்போது பறவையியலாளர்கள் கருதினார்கள். மாடோ எருமையோ செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவது வழக்கம். தோலை உரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் விலகியதும் பாறுகள் கூட்டமாக இறங்கும். ஒரு மாட்டின் சதை முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மிஞ்சிய எலும்பை உரத்துக்காகப் பொறுக்கிச் செல்வோர் இருந்தார்கள். கூலி எதுவும் இல்லாமல் நாடு முழுவதும் நடந்துவந்த துப்புரவுப் பணி அது.

வீழ்ச்சியை முதலில் பதிவு செய்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் 1987-88இல் 353 வெண்முதுகுப் பாறு இணைகள் கூடு கட்டியிருந்தன. 1996இல் அது 150 ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாகும் பறவைகளிடம் ஓர் அடையாளம் இருந்தது: கிளையில் உட்கார்ந்தபடியே கழுத்து மெல்லத் தொங்கும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி தொங்கும். நாள் கணக்கில் இப்படி இருந்துவிட்டுக் கீழே விழும். உணவுப் பஞ்சம் காரணமல்ல. இறந்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் கிடந்தன. புதிய வைரஸ், பூச்சிக்கொல்லி என்று பலவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. பெரெக்ரின் ஃபண்ட் அமைப்புக்காக ஆய்வு நடத்திய லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரலின் மேலும் சிறுநீரகத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததற்கான அடையாளம் அது. அந்தப் பறவைகளின் உடலில் டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து இருந்தது. 2004இல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. காப்புரிமைக் காலம் முடிந்து 1990களில் விலை மலிந்த மருந்து அது. மடிவீக்கத்துக்கும் கால் நொண்டலுக்கும் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்டது. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால் மருந்து சதையில் தங்கிவிடும். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே உடலைப் பகிர்ந்து தின்பதால், செத்த மாடுகளில் நூறில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அளவு வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டது. இந்தியாவில் சோதித்தபோது பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது. 1992இலிருந்து 2007க்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு மறைந்துவிட்டன.

2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் என்னும் வலி மருந்து அதற்குள் சோதிக்கப்பட்டுவிட்டதால் மாற்றும் கையில் இருந்தது. ஆனாலும் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி புட்டிகளில் தொடர்ந்து விற்றது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய புட்டி பெரும்பாலும் மாட்டுக்கே போனது. 2015இல்தான் ஒரு வேளை அளவுக்கு மேல் அடைத்து விற்பது தடை செய்யப்பட்டது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அதற்குள் பாறுகளுக்கு நஞ்சாகும் வேறு வலி மருந்துகள் சந்தைக்கு வந்திருந்தன. கீட்டோப்ரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே தெரியும். அதுவும் அசெக்ளோஃபினாக்கும் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடையானது 2023இல். நிமெசுலைடுக்கு 2024 இறுதிவரை ஆயிற்று. பறவைகள் செத்த பிறகு ஒவ்வொரு மருந்தாகத் தடை செய்யும் இந்த முறையே மீட்சியைப் பின்னுக்கு இழுத்தது. கால்நடை மருந்துக்கு அனுமதி தருமுன் பாறுகளுக்கு அது பாதுகாப்பானதா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது.

விளைவு பறவைகளோடு நிற்கவில்லை. அழுகும் இறைச்சி தெருநாய்களுக்குப் போனது. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது. 2000 முதல் 2005 வரை பாறுகள் இல்லாமற்போனதால் கூடுதலாக ஐந்து லட்சம் மனித உயிர்கள் போயிருக்கும் என்று பொருளியலாளர்கள் ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் மதிப்பிட்டுள்ளனர். மும்பையின் பார்சி மக்கள், இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு இரையாக வைக்கும் தங்கள் இறுதிச் சடங்கு முறைக்கே பறவையில்லாமல் தவித்தார்கள்.

ஹரியானாவின் பிஞ்சோரில் 2004 முதல் இயங்கும் இனப்பெருக்க மையம் மூன்று இனங்களையும் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். இணை சேரும் பருவத்தை எட்ட ஐந்து ஆண்டு ஆகும். நேபாளத்தில் வேறு வழி: பித்தௌலி ஊர்மக்கள் 2006இல் தொடங்கிய ஏற்பாட்டில், உழைத்து ஓய்ந்த மாடுகளை வாங்கிக் கடைசிவரை பராமரித்து, அவை தாமாக இறந்தபின் பாறுகளுக்கு இரையாக வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கு. ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவையும் இங்கே உண்டு. அருளகம் அமைப்பு ஊர் ஊராகச் சென்று மாடு வளர்ப்போரிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் இந்த மருந்துகளின் ஆபத்தைப் பற்றிப் பேசிவருகிறது. 2022இல் மாநில அரசு பாறு பாதுகாப்புக்கெனத் தனிக் குழு அமைத்தது. மருந்தைத் தவிர இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவினால், புலியோடு பாறுகளும் சாகும். இழப்பீடு தாமதமின்றி மாட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேருவது அதனால்தான் பாறு பாதுகாப்பின் ஒரு பகுதி ஆகிறது. மோயாற்றுப் பறவைகள் இரை தேடிக் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் கேரளத்தின் வயநாட்டுக்கும் பறந்துபோய்த் திரும்புகின்றன. ஒரே பறவையை இருமுறை எண்ணாமலிருக்க மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில் கணக்கெடுக்கின்றன.