உறுதிக்கட்டில் ஒரு வம்சம்

நமது குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரனிடத்தில் அதுவும் மறைந்துவிடும். அப்படியாயின் மானிப்பாயிலே ஒரு குடும்பம் தன் வேரை எங்கே தேடுவது? காணியிலே தேடலாம்.

ஒல்லாந்தர் காணிகளையும் உடையவர்களையும் தோம்புகளிற் பதிந்தனர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. பழைய உறுதிகளை வாசிப்போருக்கு இப்பாகுபாடே வழிகாட்டி. முதுசம் தந்தைவழியைக் காட்டும். சீதன உறுதியோ தாய், மகள், பேர்த்தி எனப் பெண்வழியைக் காட்டும். வீட்டுப் பேச்சில் மறந்துபோன பாட்டியின் பெயர், நான்கெல்லையும் பரப்புக்கணக்கும் எழுதிய தாளிலே நிலைத்திருக்கும்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வேறொரு சிக்கலைத் தந்தது. அதன் பாடசாலைகளிற் பயின்ற பலருக்கு, பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஆகவே பதிவேட்டில் அந்நியப் பெயரைக் கண்டதும் ‘நம்மவரல்லர்’ என ஒதுக்கிவிடலாகாது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈடற்ற ஏடுகள் சாம்பலாயின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்த வேளை, உறுதிக்கட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நடந்தோர் பலர். காணிக்காகவே அதனைக் காத்தார்கள். முன்னோரின் பெயர்களும் கூடவே காக்கப்பட்டன. அந்தத் தாள்கள் மடிப்பிலே கிழியுமுன், அவற்றிலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் காணிப்பெயர்களையும் ஒரு கொப்பியிற் பிரதிசெய்து பிள்ளைகளிடம் கொடுங்கள். பாட்டி எந்த வளவிலிருந்து வந்தாள் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறியட்டும்.