பெயரும் கேடயமும்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கென வந்து வடசென்னையில் குடியேறியவர். கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தருகே, சிங்கமும் கிரீடமும் பொறித்த கேடயமொன்று கண்ணாடிச் சட்டத்திற்குள் தொங்கிற்று. "எங்கள் குடும்பச் சின்னம், ஐயா. எங்கள் முன்னோர் போர்த்துகல் பிரபுக்கள்" என்றான் மகன். தந்தையார் பேசாமல் சிரித்தார். அவர்களது குடும்பப் பெயர் பெர்னாண்டோ.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. குரோவாசியாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றோரின் பேரப்பிள்ளைகளும் தம் பெயருக்குரிய கேடயத்தைத் தேடுகின்றனர். ஆனால் கேடயச் சின்னம் பெயருக்கு உரியதன்று. குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. குரோவாசியப் பெயர்களின் ஈற்றில் வரும் 'இச்' பெரும்பாலும் இன்னார் மகன் என்றே பொருள்படும். பெர்னாண்டஸ் என்பதும் பெர்னாண்டோவின் மகன் என்பதே. இதில் பிரபுத்துவம் எங்கே இருக்கிறது? 1563-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் பங்குதோறும் பதிவேடு வைக்கப் பணித்த பின்னரே, குரோவாசியக் குடியானவர் பலரின் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றன.

நம் கடற்கரையின் கதை வேறு. முத்துக்குளித்துறையில் பகைவரின் நெருக்குதலுக்கு உள்ளான பரதவர், ஜோவான் தெ குரூஸ் என்னும் மலபார்க் கிறிஸ்தவ வணிகரின் யோசனைப்படி கொச்சியிலிருந்த போர்த்துகீசியரை நாடினர். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர். சவேரியார் அக்கரையில் அடியெடுத்து வைத்தது 1542-இல்தான். தண்ணீர் வார்த்த நாளில் ஞானத்தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் பெயரே பெரும்பாலும் குடும்பத்தின் பெயராயிற்று. ஆகவே பெர்னாண்டோ, மிராந்தா, ரோச் ஆகியவை இரத்தத்தால் வந்த பெயர்களல்ல, தொட்டியருகே கிடைத்தவை.

அப்படியாயின் நமக்கெனச் சின்னமே இல்லையா? உண்டு. பரதவர் திருமண ஊர்வலங்களில் விருதுக்கொடிகள் பிடித்துச் செல்லும் வழக்கம் இருந்தது. அவர்களுக்குச் சாதித்தலைவர் பரம்பரையும் உண்டு. 1806-இல் தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பொற்றேரை முதன்முதல் ஓடச் செய்தவர் அப்பரம்பரையினரே. சிங்கமும் கிரீடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் வாடிற்று. நண்பர் எழுந்து சென்று, தம் பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். ஞானத்தந்தை என்ற இடத்தில் வேறொரு பெர்னாண்டோ; தொழில், தோணி ஓட்டுதல். மகன் அதை இருமுறை படித்துப் படியெடுத்துக்கொண்டான். கேடயத்தை மட்டும் அவன் கழற்றவில்லை.