முதலில் தண்டனை, பிறகு பாடம்

போன மாதம் பேத்திக்குக் கடுமையான சளி. வழக்கம்போல் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை அட்டை வாங்கிக் கொடுத்தேன். கூடைப்பந்து ஆடுகிற பெண். "சார்கிட்ட காட்டிட்டுத்தான் போட்டுக்கணும் தாத்தா" என்றாள். எனக்குச் சற்றுக் கோபம்தான். அட்டையைப் பார்த்த பயிற்சியாளர், "இதில் சூடோஎபிட்ரின் இருக்கிறது. போட்டியின்போது சிறுநீரில் அளவுக்கு மேல் தெரிந்தால் ஊக்கமருந்துக் குற்றம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உடனே 1967 ஜூலை நினைவுக்கு வந்தது. அப்போது நான் பிரெஞ்சுப் பள்ளி மாணவன். தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், மோன் வாந்தூ மலையேற்றத்தில் ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. இத்தனைக்கும் பிரான்சில் 1965-லேயே ஊக்கமருந்துத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அன்னபூர்ணா சிகரம் ஏறிய மொரிஸ் எர்சோக். 1968-இல் ஒலிம்பிக்கிலும் பரிசோதனை தொடங்கியது. 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. 2004-இல் அதன் விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

அந்த விதியின் சாரம்: உடலில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு. சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்று பிரெஞ்சில் ஒரு வாசகம் உண்டு. அரசுப் பணியில் நானும் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால், சொல்லிக் கொடுக்காமல் தண்டிப்பது நியாயமா?

நம் சத்னாம் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப் கிராமத்துப் பிள்ளை. 2015-இல் அமெரிக்க என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர். 2019-இல் அவர் மாதிரியில் ஹிஜெனமின் தெரிந்தது. இரண்டு ஆண்டுத் தடை. அந்தப் பொருள் சில தாவரங்களிலேயே இயற்கையாக இருக்கிறது. சத்துமாவு, மூலிகைப் பொடி என்ற பெயரிலும் வாய்க்குள் போகக்கூடும்.

2021 ஜனவரியில்தான் கல்விக்கென்று தனி உலக விதி வந்தது. ஊக்கமருந்துத் தடுப்பு என்பது வீரருக்கு முதலில் பாடமாக அறிமுகமாக வேண்டும், பரிசோதனையாக அல்ல என்கிறது அது. சிம்ப்சன் இறந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு!

அந்தப் பாடம் பேத்திக்குக் கிடைத்திருக்கிறது. நம் தலைமுறைக்குத்தான் பாக்கி. கஷாயமும் மாத்திரையும் வீட்டில் கொடுப்பவர்கள் நாம்தானே? விளையாடுகிற பிள்ளைக்குக் கொடுக்குமுன் அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

அந்த மாத்திரை அட்டை என் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறது. பேத்திக்கு ஆவி பிடித்தே சளி விட்டது.