கொள்ளைநோயும் புத்தளக் கரையும்

கி. பி. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மாபர் நாட்டை நோக்கிச் சென்ற மரக்கலமொன்று, மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாளாக நீண்டு, வழிதவறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் வந்தவர் மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிற் பிறந்த இபுனு பத்தூத்தா. அவர் ‘பத்தாலா’ என்று குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. மரத்தாலான மதிலும் மரக் கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய ஊர் என்று அதனை அவர் வருணித்துள்ளார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அப்பொழுது அங்குத் தங்கியிருந்தான். பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளும் அம்மன்னன் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டுக் கொண்டிருந்தன. கடற்கரையெங்கும் ஆற்றுவெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் குன்றுகள்போற் குவிந்து கிடந்தன. மாபர், மலபார் நாடுகளின் மக்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் செல்வர். அதற்கீடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளிப்பர். அராபியர் மாபர் என்று அழைத்த பாண்டிநாட்டுக் கரைக்கும் இத்தீவுக்கும் இடையே கடல்வழி ஒரு பகலும் ஓரிரவுமே.

இச்செய்திகளுக்கும் கொள்ளைநோயின் வரலாற்றுக்கும் உள்ள உறவு யாதெனின், புத்தளத்தை விட்டு நீங்கிய நான்காண்டுகளுக்குள் அப்பயணி இரண்டு பெரும் நோய்ப் பரவல்களைத் தம் கண்ணாற் கண்டார். ஒன்று கடலுக்கு அப்பால் மதுரையில். மற்றொன்று சிரியா, எகிப்து நாடுகளில். பின்வந்த எழுத்தாளர் சிலர் இவ்விரண்டையும் ஒரே நோயாகக் கொண்டனர். ஐரோப்பாவின் மக்களுள் மூன்றிலொரு பங்கினரையேனும் அழித்ததும், பிற்காலத்தார் ‘கருஞ்சாவு’ என்று பெயரிட்டதுமான பிளேக்கு நோய் முதலில் இந்தியக் கரைகளைப் பாழாக்கியே மேற்கு நோக்கிச் சென்றது என்றும் அவர்கள் எழுதினர். அக்கூற்று மெய்யாயின், மதுரைக்கு ஒரு நாட் பயணத்தில் உள்ள புத்தளம், கற்பிட்டி, சிலாபக் கரைகளும் அந்நாளில் வெறுமையுற்றிருத்தல் வேண்டும். சான்றுகள் அவ்வாறு கூறவில்லை.

முதலில் மதுரையை நோக்குவோர்க்கு அங்குக் காணும் காட்சி உண்மையில் அச்சந்தருவதே. பாவாதமலைக்குச் சென்று மீண்ட இபுனு பத்தூத்தா, புத்தளத்திற் காத்திருந்த மரக்கலத்தில் ஏறி மாபருக்குப் புறப்பட்டார். கரையை அணுகும் வேளையிற் கலம் தரைதட்டிச் சிதைந்தது. உயிர்தப்பிய அவர், மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் பாளையத்தை அடைந்தார். இருவரும் உடன்பிறந்த மகளிரை மணந்தவர்கள். பின்னர் மதுரைக்குட் புகுந்தபோது நகரம் நோயின் வாய்ப்பட்டிருந்தது. நோயுற்றவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இறந்தனர். அன்றேல் மூன்றாம் நாள், தப்பினால் நான்காம் நாள். வீட்டை விட்டு வெளிவந்தால் நோயாளியையோ பிணத்தையோ காணாதிருத்தல் அரிதாயிற்று. நல்ல உடல்நலமுள்ளவள் என்று அவர் விலைக்கு வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே இறந்தாள். எட்டு வயது மகனுடன் வந்து உதவி பெற்றுச் சென்ற ஒரு தாய், அடுத்த நாள் அம்மகனின் பிணத்தைப் போர்த்தத் துணி கேட்டு வந்து நின்றாள். சுல்தானின் மனையில் நெற்குற்றும் பணிப்பெண்கள் நோயுற்று நிலத்திற் கிடந்ததையும் அவர் கண்டார். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர். சிறிது காலத்தில் சுல்தானும் இறந்தான். பயணியையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அவர் புளியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து, பிழைத்தார். பின்னர் அந்நகரில் இருக்க மனமின்றி வெளியேறினார்.

இந்நோய் யாதாயிருத்தல் கூடும்? பேதி என்பார் உளர். பிளேக்கு என்பாரும் உளர். ஓரிரு நாளில் உயிர் போதல் பேதிக்கும் பொருந்தும்; மூன்று நான்கு நாளில் உயிர் போதல் பிளேக்குக்கும் பொருந்தும். ஆயின் பிளேக்கின் தனி அடையாளம் அரையிலும் அக்குளிலும் கழுத்திலும் நெறிகட்டுதல். மதுரையைப் பற்றிய வருணனையில் நெறிக்கட்டுப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. அன்றியும் தென்னாட்டில் அக்காலத்து இஃது ஒன்றே பெருவாரி நோயும் அன்று. ஏறக்குறைய 1335இல், மாபரின் கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட முகம்மது பின் துக்ளக்கின் படை வாரங்கலில் நோயாற் சிதைந்து திரும்பியது. மதுரையிற் தனிச் சுல்தானியம் நிலைபெற்றது அந்நோயின் துணையால் எனினும் தவறாகாது. ஒன்பது ஆண்டின் பின் வேறொரு நோய் அச்சுல்தானியத்தின் அரண்மனையிலேயே புகுந்தது. பாளையமும் பஞ்சமும் போரும் மிகுந்த நாட்டிற் காய்ச்சலும் பேதியும் பரவுதற்குத் தொலைநாட்டுப் பிளேக்கின் உதவி வேண்டியதில்லை.

காலக்கணக்கு இதனை மேலும் தெளிவாக்குகிறது. இன்றைய கிர்கிசுத்தானில், இசிக்குல் ஏரிக்கு அண்மையில், பழைய கிறித்தவர்களின் இடுகாடுகள் இரண்டு உண்டு. அங்குள்ள ஆண்டு குறித்த கற்கள் 467இல் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குரியவை. அவற்றுட் சில, இறப்புக்குக் காரணம் கொள்ளைநோய் என்று சிரிய மொழியிற் கூறுகின்றன. அங்குப் புதைக்கப்பட்டோரின் பற்களிலிருந்து பிளேக்குக் கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுத்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. கருஞ்சாவின் ஊற்று அப்பகுதியே என்பது அதன் முடிவு. அங்கிருந்து நோய் 1346இற் கருங்கடற் கரையிலுள்ள கபா நகருக்கும், 1347இற் கொன்ஸ்தாந்திநோப்பிள், சிசிலி, அலெக்சாந்திரியா ஆகிய இடங்களுக்கும் சென்றது. மதுரை நோயின் ஆண்டோ 1344. கருங்கடலையே எட்டாத நோய் அதற்கு ஈராண்டு முன்னர் வைகைக் கரையில் இருந்ததென்று கொள்வோர், அது வந்த வழியைக் காட்டும் கடமையுடையர். அவ்வழியை எவரும் காட்டிலர்.

இனி இபுனு பத்தூத்தாவின் மீட்சிப் பயணத்தை நோக்குக. 1347இல் அவர் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறி அராபியாவின் தென்கரையை அடைந்தார். மலையாளக் கரையில் அவர் நோய் எதனையும் கூறவில்லை. 1348இற் சிரியாவிற்குள் வந்தபின்னரே பெருநோயை எதிர்கொண்டார். அவர் கும்சு நகரை அடைந்த அன்று மட்டும் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். தமஸ்கு நகரில் ஒரு நாளின் உயர்ந்த சாவு 2,400. காசா நகரத்தின் பெரும்பகுதி ஆளற்றுக் கிடந்தது. அங்கு நாளொன்றுக்கு 1,100 பேர் இறந்ததாக நீதிபதி அவரிடம் கூறினார். கெய்ரோவில் ஒரு நாளில் 24,000 என்று அவர் கேள்விப்பட்டது மிகைப்படக் கூறலாதல் கூடும். தமஸ்கு மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முசிலிம், யூதர், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தத்தம் வேதங்களை ஏந்தி, வெறுங்காலுடன் நகர்ப்புறப் பள்ளிவாசலுக்குச் சென்று மன்றாடினர். தாயகம் திரும்பும் வழியில், தம் தாயும் அந்நோயால் இறந்த செய்தி அவர் செவிக்கு எட்டியது. இவ்வளவும் கண்டும் கேட்டும் 1355இல் தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்த மனிதர், மதுரையிற் கண்டதும் இதுவே என்று ஓரிடத்தும் கூறிலர். இரண்டையும் கண்ட சாட்சி இணைக்காதவற்றைக் காணாதவர் இணைத்தல் முறையன்று.

இணைத்தோர் யாவர்? அலெப்போ நகரப் புலவர் இபுனு அல் வர்தி, நோய் சீனத்தையும் இந்தியாவையும் சிந்துவையும் வருத்தி வந்ததாக எழுதினார். 1349இல் அவரும் அந்நோய்க்கே இரையானார். ஆயின் அவர் எழுதியது ‘மகாமா’ என்னும் அணிநடை இலக்கியம். நோயை ஊரூராய்த் திரியும் வஞ்சகனாக உருவகிப்பது. அதனை நாட்குறிப்பாகப் படித்தது பின்னோரின் பிழை. இத்தாலியில் கபிரியேலே தெ முசி என்பவரும் இந்தியர் அழிந்ததாக எழுதினார். பெரிய இந்தியாவை அடுத்த நாடொன்றில் முதல் நாள் தவளையும் பாம்பும் தேளும், இரண்டாம் நாள் இடியும் கல்மழையும், மூன்றாம் நாள் நெருப்பும் வானினின்று பொழிந்ததாக வேறொரு மடல் கூறுகிறது. அறியாத நாட்டின்மீது அச்சத்தை ஏற்றிக் கூறுதல் எக்காலத்தும் எளிது.

கண்ணாற் கண்ட மேனாட்டார் ஒருவர் உண்டு. பாப்பரசரின் தூதராய்ச் சீனம் சென்று மீண்ட மரிஞோல்லி, 1340களின் இறுதியிற் கொல்லத்திலும் பின்னர் இலங்கையிலும் தங்கினார். அவர் வந்திறங்கிய துறை பேருவளை எனக் கருதப்படுகிறது. அங்கு அதிகாரஞ் செலுத்தியவன் தம் பொருளைப் பறித்ததை அவர் மனம் நொந்து கூறுகிறார். பாவாதமலையையும் கனிமரங்களையும் துறவிகளையும் வருணிக்கிறார். கொள்ளைநோய் மட்டும் அவர் கூற்றில் இல்லை.

கரையின் பிற்கால நிலையும் இதற்கு ஒத்ததே. எகிப்தில் உழுவோர் குறைந்து வாய்க்கால்கள் தூர்ந்தன, ஊர்கள் கைவிடப்பட்டன. இங்கிலாந்திற் கூலி உயராது தடுக்க 1351இற் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. இலங்கையிலோ 1344இற் கம்பளை அரசு இலங்காதிலகத்தையும் கடலாதெனியாவையும் எழுப்பியது. அதன்பின் சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை, கொழும்பு ஆகிய இடங்களில் ஆரியச் சக்கரவர்த்தி காவற்பாளையங்கள் நிறுவியிருந்ததையும், அளகேசுவரன் கோட்டையில் அரண் அமைத்து அவனை எதிர்த்ததையும் நிகாயசங்கிரகம் கூறுகிறது. ஆளற்ற கரையில் வரி தண்டுவார் எவருமிலர். அக்கரைக்காக இரு வேந்தர் போர்புரியவும் மாட்டார். அம்மைக்கும் பேதிக்கும் வழிவழிப் பெயர் வழங்கும் இக்கரையோர மக்களிடத்து, நெறிகட்டும் இந்நோய்க்கு மட்டும் பிளேக்கு என்ற பிறமொழிச் சொல்லே வழங்குதலும் நோக்கத்தக்கது. அதனைத் தனிச் சான்றாகக் கொள்ளல் மட்டும் ஆகாது.

கடல்வணிகம் செழித்த இக்கரை எவ்வாறு தப்பியது என்ற வினாவுக்கு விடையின் ஒரு பகுதி இலங்கையிலேயே கண்டறியப்பட்டது. பிளேக்குக் கிருமியை 1894இல் ஹொங்கொங்கில் எர்சன் கண்டார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புதலை 1898இற் கராச்சியில் சிமொண்டு காட்டினார். 1896இற் பம்பாயிற் தோன்றி இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்ற அந்நோய், சென்னை நகரை ஏன் பெரிதும் தீண்டவில்லை என்பது புதிராயிருந்தது. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலறிஞர் எல். எவ். ஹேர்ஸ்ட் எலிகளின் தெள்ளுக்களை இனம்பிரித்து ஆராய்ந்தார். வட இந்தியாவிலும் தக்கணத்திலும் மிகுந்திருந்தது ‘கியோப்பிசு’ என்னும் இனம். சென்னையிலும் இலங்கைக் கரையிலும் மிகுந்திருந்ததோ ‘ஆஸ்தியா’ என்னும் வேறோர் இனம். அது பிளேக்கைப் பரப்புவதில் ஆற்றல் குன்றியது. வெப்பம் மிக்க இடத்தில் தெள்ளு கிருமியைப் பரப்பும் திறமும் குறையும். கியோப்பிசு தானியத் தூளில் வாழவல்லது. ஆதலால் அரிசி மூட்டையுடன் கடல் கடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தெள்ளுக்கணக்கைப் பதினான்காம் நூற்றாண்டுக்கு அப்படியே ஏற்றல் இயலாதெனினும், எலியும் கப்பலும் உள்ள துறைமுகமெல்லாம் பிளேக்குக்கு இரையாக வேண்டும் என்ற விதி இதனால் வீழ்கின்றது. கறுவா ஏற்ற வந்த மரக்கலங்கள் துணியைக் கொண்டுவந்தன. நீராவிக் கப்பல்களோ இலட்சக்கணக்கான மூட்டை அரிசியைக் கொண்டுவந்தன.

1914இல் முதன்முறையாகக் கொழும்பிற் பிளேக்குத் தோன்றியபோது அது பற்றிய இடம் தானியக் களஞ்சியங்களின் சுற்றுப்புறமே. ஆயினும் அச்சம் மனிதர்மேலேயே சென்றது. தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், கடல் கடக்குமுன் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்து வைக்கப்பட்டனர். அவர்தம் உடலும் உடையும் மருந்திடப்பட்டன.