பொருளடக்கமும் பொறியும்: தன்னியக்கப் பொருளடக்கத்தின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

நூலொன்றைக் கையிலெடுப்பவர் பெரும்பாலும் முதலிற் புரட்டும் பக்கம், அந்நூலை ஆக்கியோர் இறுதியாகத் தயாரித்த பக்கமாகும். பொருளடக்கம் என நாம் வழங்கும் அப்பக்கத்தை இலக்கிய வரலாற்றாசிரியரோ நூல் விமரிசகரோ பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு நூலின் கட்டமைப்பு முழுவதும் ஒருங்கே வெளிப்படுவது அங்கேதான். ஏறத்தாழக் கடந்த அறுபது ஆண்டுகளில் அப்பக்கத்தை ஆக்கும் பொறுப்பு மனிதர் கையிலிருந்து கணனிக்கு மாறியுள்ளது. இம்மாற்றத்தை வசதியொன்றாக மட்டும் நோக்குவது போதாது என்பது எமது கருத்து. எவருடைய உழைப்பு நீங்கியது, எவர்மீது புதிய கடமை சுமத்தப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அதன் இயல்பு புலப்படும்.

கி.பி. 77ஆம் ஆண்டளவில் உரோமரான மூத்த பிளினி, 'இயற்கை வரலாறு' என்னும் தமது பெருநூலைப் பின்னாளிற் பேரரசனான ரைற்றசுக்குக் காணிக்கையாக்கினார். 37 பகுதிகளைக் கொண்ட அந்நூலில், காணிக்கைக் கடிதத்தை அடுத்துவரும் முதற்பகுதி முழுவதும் ஏனைய பகுதிகளின் பொருள்களையும் அவற்றுக்கு ஆதாரமான ஆசிரியர் பெயர்களையும் நிரைப்படுத்தும் பட்டியலேயாம். அரச கருமங்களில் ஈடுபட்டவர் நூல் முழுவதையும் படிக்கவேண்டியதில்லை. வேண்டியதை மட்டும் தேடிப் பெறலாம் என்பது பிளினி கூறும் காரணம். வலேரியஸ் சொரானஸ் என்பார் தமக்கு முன்னரே இலத்தீனில் இவ்வாறு செய்தவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இத்துணைப் பெரிய பட்டியலுக்கான குறிப்புகள் எவ்வாறு திரண்டன என்பதை அவருடைய மருமகனான இளைய பிளினியின் கடிதமொன்று காட்டுகின்றது. உணவு வேளையிலும் நூல்கள் வாசிக்கப்பட்டன, குறிப்புகள் எடுக்கப்பட்டன. பயணங்களின்போது எழுத்தன் ஒருவன் நூலும் எழுதுபலகையுமாக அருகில் அமர்ந்திருந்தான். கடுங்குளிர் வேலையைத் தடைசெய்யாதிருக்கும் பொருட்டு அவனுடைய கைகள் மூடப்பட்டிருந்தன. கையுறையைக் குறிப்பிடும் அக்கடிதம் அவனுடைய பெயரைக் குறிப்பிடவில்லை.

பிளினியின் பட்டியலிற் பக்க எண் இல்லை. சுருளுக்குப் பக்கம் ஏது? தைத்த ஏடுகளாகக் கையெழுத்து நூல்கள் வந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஒரே நூலின் இரு படிகளில் ஒரே செய்தி ஒரே தாளில் அமைவதில்லையாதலால், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாரிசிலே பீற்றர் லொம்பார்ட் தமது இறையியற் பெருந்தொகுப்பிற்குத் தலைப்புப் பட்டியல் அமைத்தபோது, அது அத்தியாயத்தைச் சுட்டியதேயன்றித் தாளைச் சுட்டவில்லை. எமது மரபும் இதற்கு வேறானதன்று. ஓலைச்சுவடிகளில் ஏட்டெண் இடப்பட்டதுண்டு. எனினும் மேற்கோள் காட்டுவோர் அதிகாரம், இயல், சூத்திரம் என்றே காட்டினர். நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் எனச் சிறியது பெரியதனுள் அடங்குமாறு தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துள்ளமை, கணனி முறைபற்றி நாம் பின்னர் கூறவிருப்பதை வாசிக்கும்போது மனங்கொள்ளத்தக்கது. இதிலிருந்து 'எல்லாம் எம்மிடம் முன்பே இருந்தன' என்ற முடிவுக்குத் தாவுவோர் உளர். அவர்களோடு நாம் சேரவில்லை.

படிகள் அனைத்திலும் பக்கங்கள் ஒத்திருக்கும் நிலையை உண்டாக்கியது அச்சு. 1470இற் கொலோன் நகரில் ஆர்னொல்ட் தெர்கூர்னென் அச்சிட்ட சிறு பிரசங்க நூலொன்றே தாளெண் அச்சிடப்பெற்ற முதல் நூலாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், எண் வந்ததும் புதிய சிக்கலொன்றும் வந்தது. நூல் முழுவதையும் கோத்துப் பக்கம் பிரித்த பின்னரே எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பது தெரியவரும்; பொருளடக்கமோ முன்னே நிற்கவேண்டியது. அச்சகத்தார் கண்ட தீர்வு எளிமையானது. முன்பகுதியை இறுதியில் அச்சிட்டனர். அதற்கு உரோம எண்களால் தனி வரிசை கொடுத்தனர். இன்றும் பல நூல்களின் முன்னுரைப் பக்கங்கள் உரோம எண்களைத் தாங்கி நிற்பது அவ்வேலை முறையின் எச்சமாகும்.

இவ்வேலையைச் செய்தவர் அச்சுக்கோப்பாளரும் மெய்ப்புப் பார்ப்போருமாவர். ஆய்வேடுகளைப் பொறுத்தவரையில் தட்டெழுத்தாளர். இரண்டாம் இயலில் ஆய்வாளர் ஒரு பந்தியைச் சேர்த்தால் அதற்குப் பின்வரும் பக்கங்கள் பலவற்றை மீண்டும் தட்டெழுதி, பொருளடக்கத்தையும் புதிதாகத் தட்டெழுதவேண்டியிருந்தது. நன்றியுரையின் கடைசி வரியிற் 'செவ்வனே தட்டெழுதி உதவியவர்' எனக் குறிப்பிடப்படுபவரின் பணி இத்தகையது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொருளடக்கத்தைத் தட்டெழுதியவர் தலைப்புகள் அனைத்தையும் ஒருமுறை வாசித்தார். நான்காம் இயல் இருமுறை வந்திருப்பதும், உள்ளே ஒரு பெயரும் வெளியே வேறொரு பெயருமாக ஓர் இயல் நிற்பதும் அவருடைய கண்ணிற்பட்டே திருந்தின.

கணனியிற் கட்டுரைகளை ஒழுங்குசெய்து அச்சிடும் முயற்சிகளுள் முக்கியமான ஒன்று 1964இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜெரோம் சால்ற்சர் எழுதிய 'ரன்ஓஃப்' என்னும் நிரலாகும். தமது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான முன்மொழிவைத் தயாரிக்கும் தேவையே அவரை அதற்குத் தூண்டியது. புள்ளியொன்றுடன் தொடங்கும் கட்டளைகளை எழுத்துக்களிடையே இட்டால், பொறி வரிகளை நிரப்பிப் பக்கங்களைப் பிரித்தது. இதன் வழிவந்த 'ரொஃப்' என்னும் நிரலே பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. ஆய்வாளர்கள் கேட்ட புதிய கணனிக்கு முகாமை பணம் வழங்க இணங்கியது, ஆவணங்களைத் தயாரிக்கும் ஒழுங்கொன்றை ஆக்குவோம் என்று அவர்கள் கூறியமையினாலேயாம். டெனிஸ் றிச்சி எழுதிய வரலாற்றின்படி 1971இன் பிற்பாதியில் அப்பொறியை நாளெல்லாம் பயன்படுத்தியவர்கள் புலமைச் சொத்துரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர் மூவர். உலகெங்கும் பரந்த ஓர் இயங்குதளத்தின் முதல் உண்மையான பயனாளர் அவர்களே. பிளினியின் எழுத்தனைப் போல அவர்களும் அவ்வரலாற்றிற் பெயரின்றியே இடம்பெறுகின்றனர்.

பொருளடக்கத்தைப் பொறுத்தவரை இந்நிரல்களுக்கு ஒரு குறை இருந்தது. அவை ஆவணத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரேமுறை வாசித்து அச்சிட்டன. எனவே தலைப்புகளைச் சேகரித்துக்கொண்டு சென்ற பொறி பொருளடக்கத்தை நூலின் கடைசியிலேயே வெளியிட்டது. அத்தாள்களை எடுத்து முன்னே வைத்தது மனிதர் கை. 15ஆம் நூற்றாண்டு அச்சகத்தின் சிக்கல் அப்படியே திரும்பிவந்திருந்தது.

இதனைவிட அடிப்படையான வினா மற்றொன்று. இத்தொடர் தலைப்பு என்பதைப் பொறி எவ்வாறு அறியும்? மனித வாசகர் தடித்த எழுத்தையும் வெற்றிடத்தையும் கண்டு தலைப்பை உணர்வார். பொறிக்கோ அவை 'தடித்த எழுத்து', 'வெற்றிடம்' என்பனவேயன்றி வேறல்ல. தடித்த எழுத்துக்கள் அனைத்தையும் தலைப்பாகக் கொண்டால், பந்தியினிடையே அழுத்தம் கருதித் தடிப்பாக்கிய சொற்களும் பொருளடக்கத்தினுள் நுழைந்துவிடும். 1967இற் கனடிய அரசாங்க அச்சகத்தில் நடந்த கூட்டமொன்றில் வில்லியம் ரனிக்லிஃப் என்பார் ஆவணத்தின் பொருளை அதன் தோற்றத்திலிருந்து பிரித்தல் வேண்டும் என வற்புறுத்தினார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லொறி ஆகிய மூவர் இக்கருத்தை ஒரு குறிமொழியாக உருவாக்கினர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 'இதனைப் பெரிய எழுத்தில் நடுவே அச்சிடு' என்று கூறுவதற்குப் பதிலாக 'இஃது இயல் தலைப்பு' என்று மட்டும் எழுத்தாளர் கூறவேண்டும். 1980இற் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் பிறயன் றீட் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பயனான 'ஸ்கிறைப்' இக்கொள்கையை ஆசிரியர் மேசைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே, பொருளடக்கம் தன்னியக்கமாகியது பொறி வாசிக்கக் கற்றுக்கொண்டமையால் அன்று. எழுத்தாளர் அறிவிக்கக் கற்பிக்கப்பட்டமையால். எந்தத் தலைப்பு எதனுள் அடங்கும், எது இயல், எது உட்பிரிவு என்பதை எழுதும்போதே அவர் வெளிப்படையாகக் கூறவேண்டியவரானார்.

எஞ்சிய சிக்கலுக்கு விடை, ஆவணத்தை மீண்டும் ஒருமுறை ஓடவிடுவதே. டொனல்ட் நூத் தமது நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு 1977இல் வந்த மெய்ப்புகளின் அழகின்மையாற் சலிப்புற்று ஆக்கத் தொடங்கியது 'டெக்'. அதன்மீது 1980களில் லெஸ்லி லாம்போட் கட்டியது 'லாடெக்'. லாடெக்கின் முதல் ஓட்டத்திற் பொருளடக்கம் வெறுமையாகவே இருக்கும். பக்கம் ஒவ்வொன்றும் முடிவாகும்போது அதிலுள்ள தலைப்பும் எண்ணும் ஒரு துணைக்கோப்பில் எழுதப்படும். இரண்டாம் ஓட்டத்தில் அக்கோப்பு முன்னே வாசிக்கப்பட்டுப் பட்டியலாகும். பட்டியலே சில பக்கங்களை அடைத்துக்கொள்வதால் பின்வரும் எண்கள் தள்ளிப்போகலாம். அப்போது மூன்றாம் ஓட்டம் தேவைப்படும். முன்பகுதிக்கு உரோம எண் கொடுத்து நூலுடலை 1 எனத் தொடங்கினால் இத்தள்ளல் நிகழாது. பழைய அச்சுத்தொழிலாளி கண்ட வழி கணனிக்கும் கைகொடுக்கின்றமை எமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

மறுபுறம், திரையிற் கண்டவாறே தாளில் அச்சாகவேண்டும் என்னும் வேட்கை வேறொரு பாதையைத் திறந்தது. 1974இல் ஸெறொக்ஸ் ஆய்வுநிலையத்தில் பட்லர் லாம்சனும் சார்ல்ஸ் சிமொனியும் ஆக்கிய 'பிறாவோ' அதன் தொடக்கம். சிமொனி பின்னர் மைக்றோசொஃப்ற் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு 'வேர்ட்' 1983இல் வெளியாயிற்று. வேர்ட் இரு பாதைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. தலைப்புகளுக்கென ஒன்பது நிலைப் பாணிகள் அதிலுண்டு; அவற்றைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தலைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத புத்தகக்குறியொன்றைப் பொறி செருகி, அதன் பக்கத்தை அறிந்து பட்டியலிடும். ஆனால் அப்பாணியைத் தொடாமலே எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கவும் முடியும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாதவிடத்து இலகுவான வழியையே பலர் நாடுவர். புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்களைக் கையால் எழுதிய பொருளடக்கங்களைப் பட்டப்பின்படிப்பு ஆய்வேடுகளில் இன்றும் நாம் காண்பது இதனாலேயே. தன்னியக்கப் பட்டியலை இட்டவரும் இறுதித் திருத்தத்தின் பின் அதனைப் புதுப்பிக்க மறந்தால் பழைய எண்களே நிற்கும். பக்க எண் இருக்கவேண்டிய இடத்திற் புத்தகக்குறி வரையறுக்கப்படவில்லை என்னும் ஆங்கில வாசகம் அச்சாகிக் கட்டப்பட்ட ஏடுகளும் உண்டு.

தமிழிலெழுதியோர்க்குத் தனியானதோர் இடரும் இருந்தது. இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு தமிழ் வடிவங்களை இலத்தீன் எழுத்துக்களின் இடங்களில் வைத்திருந்தது. திரையில் 'அ' எனத் தோன்றியது பொறிக்கு இலத்தீன் 'எம்' என்னும் எழுத்தேயாம். தலைப்புப் பாணி பாமினியிலும் பொருளடக்கப் பாணி ஆங்கில எழுத்துருவிலும் அமைந்தால், நூலினுள்ளே தமிழாக நின்ற தலைப்பு பட்டியலிற் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவையாக வெளிப்பட்டது. இதனைக் கண்டு அஞ்சியோர் தன்னியக்க முறையையே கைவிட்டதில் வியப்பில்லை. தோற்றத்தையே பொருளாகக் கொண்ட ஏற்பாட்டின் குறை, ஏனைய பக்கங்களில் மறைந்திருந்து, பொருளடக்கப் பக்கத்தில் அம்பலமாயிற்று. 1991இல் வெளியான யூனிக்கோட் முதற்பதிப்பில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்திருந்தபோதும், பாமினியின் வழக்கு அதன் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

தட்டெழுத்தாளரின் கடும் உழைப்பு குறைந்தமையை நாம் வரவேற்கவே வேண்டும். ஆயின் அவ்வுழைப்போடு அவருடைய வாசிப்பும் நீங்கியது. தலைப்பிலுள்ள எழுத்துப்பிழையைப் பொறி அப்படியே பொருளடக்கத்திலும் பெயர்த்துவைக்கும். இரண்டும் ஒத்திருப்பதால் ஐயமும் எழாது. நீங்கிய அவ்வாசிப்பு இப்போது எழுத்தாளரின் கடமை. தலைப்பைத் தலைப்பென அறிவிப்பதும் அவ்வாறே அவர்மீது வந்த கடமையாயினும், அதனைப் பலர் கணனிப் பயிற்சியோடு தொடர்புடைய சிறு நுணுக்கமென ஒதுக்குகின்றனர். பார்வையற்ற மாணவரொருவர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் ஆய்வேடொன்றை அணுகும்போது இதன் பெறுமதி விளங்கும். முறையாக அறிவிக்கப்பட்ட தலைப்புகள் இருப்பின், ஒரு விசையை அழுத்தி ஓர் இயலிலிருந்து அடுத்த இயலுக்கு அவர் தாவிச் செல்லலாம். தலைப்புகள் வெறுமனே தடிப்பாக்கப்பட்டிருப்பின், 300 பக்க ஏட்டில் ஐந்தாம் இயலின் தொடக்கத்தைக் காண்பதற்கு அவர் வரிவரியாகக் கேட்டுக்கொண்டே செல்லவேண்டும்.