கல்லில் எழுதிய கணக்கு

அரசு அளிக்கும் கொடையை ஊரறிய வெளியிடுதல் இக்காலத்துப் புதுமுறை என எண்ணுவார் உளர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கண்டோர் அங்ஙனம் எண்ணார். முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் (1010), தானும் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் பிறரும் அளித்தவற்றை ஸ்ரீவிமானத்துக் கல்லில் வெட்டப் பணித்தான்.

அதற்கு முன், 25ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின் உச்சிக்கு அவன் ஈந்த செப்புக் குடம் 3,083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சும் விடப்படவில்லை! எட்டா உயரத்துப் பொன்னை எவர் நிறுத்துப் பார்ப்பர்? ஆயினும் அதன் எடையை அடியார் காண எழுதுவித்தான் மன்னன். கொடுத்தவர் புகழுக்கு மட்டுமன்று, கொடுத்த பொருளுக்கும் அக்கல்லே காவல்.

திருப்பணிக்கு ஈந்த அன்பர்காள்! நம் ஆலயக் கணக்கும் அவ்வாறே விளங்குக.